ஜாக் மில்லரும் தைமஸ் சுரப்பியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எய்ட்ஸ், தடுப்பூசி, உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சை என்று எதைப் பற்றிப் படித்தாலும் 'டி செல்' (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை) என்ற சொல் எங்கேயாவது வந்துவிடும். அந்த 'டி' எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஜாக் மில்லர் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியிடம் போய் நிற்கும். அவரைப் பற்றியும் அவருடைய ஆய்வு எதை மாற்றியது என்பதைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் ஒரு வரி, சில நீளமாகப் போகும்.

யார் இந்த ஜாக் மில்லர்?

1931 ஏப்ரல் 2 அன்று பிரான்ஸில் உள்ள நீஸ் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் அவர் பெயரை 'ழாக்' என்பார்கள். அப்போது குடும்பப் பெயர் மெனியே. பிரெஞ்சில் அதற்கு மாவரைப்பவர் என்று பொருள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு அதையே ஆங்கிலமாக்கி மில்லர் ஆனார்கள். சிறுவயது ஷாங்காயிலும் ஐரோப்பாவிலுமாகக் கழிந்தது. போர் நெருங்கிவர, 1941-ல் குடும்பம் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது.

அவருடைய அக்கா இளம்வயதிலேயே காசநோயில் இறந்துபோனார். ஒரே வீட்டில், ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். அக்காவுக்கு வந்த நோய் தம்பிக்கு வரவில்லை. உடம்பு கிருமியை எப்படி எதிர்க்கிறது என்பது அந்தக் காலத்து மருத்துவர்களுக்கே பெரிதாகத் தெரியாது. இந்த இழப்புதான் தன்னை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் மில்லர் சொல்லியிருக்கிறார். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்தார். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வகம்தான் அவரை இழுத்தது. 1958-ல் ஓர் ஆய்வு உதவித்தொகை கிடைத்து லண்டனில் உள்ள செஸ்டர் பீட்டி ஆய்வு நிலையத்துக்குப் போனார்.

தைமஸ் எங்கே இருக்கிறது?

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே. குழந்தையிடம் பெரிதாக இருக்கும். பருவ வயதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். வயதானவரின் நெஞ்சைத் திறந்து பார்த்தால் தைமஸ் எது, கொழுப்பு எது என்று பிரித்துச் சொல்வதே சிரமம்.

மில்லருக்கு முன்னால் தைமஸைப் பற்றி மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள்?

உபயோகமில்லாத உறுப்பு என்று நினைத்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆபத்தான உறுப்பு என்றே நம்பினார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று தொட்டிலில் இறந்துகிடக்கும். பிணப் பரிசோதனை செய்தால் வேறு கோளாறு எதுவும் தெரியாது, தைமஸ் மட்டும் பெரிதாக இருக்கும். சரி, இதுதான் மூச்சுக்குழாயை அழுத்திக் குழந்தையைக் கொன்றிருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயரையும் சூட்டினார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தால் சிகிச்சையும் வந்துவிடுமே. கைக்குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினார்கள். ஒரு கோளாறும் இல்லாத குழந்தைகளுக்கும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் இது நடந்தது.

உண்மையில் அந்தத் தைமஸ்கள் பெரிதாக இருக்கவில்லை. இயல்பான அளவே அதுதான். 'இயல்பான அளவு' என்று மருத்துவர்கள் மனதில் வைத்திருந்த கணக்குதான் தப்பு. வழக்கமாக அறுத்துப் பார்க்கக் கிடைத்த உடல்கள் நெடுநாள் நோயில் கிடந்தும் சாப்பாடில்லாமல் வாடியும் இறந்தவர்களுடையவை. உடம்பு நலிந்தால் முதலில் சுருங்கும் உறுப்புகளில் ஒன்று தைமஸ். சுருங்கிப்போனதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நல்ல தைமஸைப் பார்த்து வீக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படிக் கதிர் வாங்கிய குழந்தைகள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தைராய்டு புற்றுநோய் வந்தது. 1950-ல்தான் இந்தத் தொடர்பு மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது.

நோயை எதிர்க்கும் வேலை தைமஸுக்கு இருக்குமோ என்று யாருக்கும் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. அதில் லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணுக்கள் மண்டிக் கிடப்பது மைக்ராஸ்கோப்பில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்த அணுக்கள் கிருமியை எதிர்த்து எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. வளர்ந்த விலங்கிலிருந்து தைமஸை எடுத்துவிட்டாலும் அது பாட்டுக்குத் தின்று, ஓடி, குட்டி போட்டது. இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று முடிவாயிற்று. லிம்போசைட்டுகள் சாகப் போகும் இடுகாடு என்றுகூட எழுதினார்கள்.

மில்லர் தைமஸைப் புரிந்துகொள்ளத்தான் லண்டன் போனாரா?

இல்லை. அவர் எடுத்துக்கொண்டது எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய். லுட்விக் கிராஸ் என்பவர் 1951-ல், ஒருவகை ரத்தப் புற்றுநோயை வைரஸ் மூலம் எலிகளுக்கு வரவழைக்க முடியும் என்று காட்டியிருந்தார். அதில் ஒரு விசித்திரம் உண்டு. வைரஸைப் பிறந்த குட்டிக்குப் போட்டால்தான் பலிக்கும். வளர்ந்த எலிக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. நோய் முதலில் தலைகாட்டும் இடம் தைமஸ்.

மில்லர் குட்டிகளுக்கு வைரஸைப் போட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் தைமஸை வெட்டி எடுத்தார். நோய் வரவில்லை. பல மாதங்கள் கழித்து அதே எலிகளுக்கு வேறு தைமஸை ஒட்டவைத்தார். நோய் வந்துவிட்டது. அதாவது அத்தனை நாளும் வைரஸ் உடம்பில் பதுங்கியிருக்கிறது. அடுத்த கேள்வி இயல்பாக வந்தது: வைரஸ் முதன்முதலில் குடியேறுவதற்கே தைமஸ் வேண்டுமா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வைரஸ் போடுவதற்கு முன்பே தைமஸை எடுத்துவிடுவது. வைரஸையோ பிறந்த உடனே போட்டாக வேண்டும். அப்படியானால் தைமஸை எடுப்பதையும் பிறந்த அன்றே செய்ய வேண்டும்.

அந்தச் சோதனையில் அப்படி என்ன நடந்தது?

அப்போதுதான் பிறந்த சுண்டெலிக்குட்டி ஒரு கிராம் சொச்சம் எடை இருக்கும். ரோமம் கிடையாது, கண் திறந்திருக்காது, தோல் வழியாக உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். அதன் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் துணுக்கை எடுத்துவிட்டு, மூடி, தாயிடம் சேர்க்க வேண்டும். லண்டனுக்கு வெளியே, பக்கிங்காம்ஷயரில் இருந்த ஒரு கிளை ஆய்வகத்தில் மில்லர் இதைச் செய்தார். வசதிகள் சுமார்தான்.

குட்டிகள் பிழைத்தன, பால் குடித்து வளர்ந்தன. பால் மறந்த பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. பல குட்டிகள் இளைத்துத் துரும்பாகி, வயிற்றுப்போக்கு கண்டு செத்தன. வைரஸ் போட்ட குட்டிகள் செத்தால் அது புற்றுநோய் ஆய்வுக்குள் வரும் செய்தி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்த, வைரஸே போடாத குட்டிகளும் அதேபோலச் செத்தன. தைமஸை எடுத்தது ஒன்றுதான் அவற்றுக்கு நடந்திருந்தது.

மில்லரின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறந்த குட்டியை அறுத்தால் சாகத்தான் செய்யும், கை சரியில்லை, அடுத்த ஈற்றில் பார்த்துக்கொள்வோம் என்று நோட்டில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். கேட்டவர்களும் சரி என்றிருப்பார்கள். அவர் செத்த குட்டிகளை அறுத்துப் பார்த்தார். ரத்தத்தில் லிம்போசைட் மிகக் குறைவு. மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் (தொண்டை புண்ணானால் 'நெறி கட்டியிருக்கிறது' என்போமே, அந்த முடிச்சுகள்) அவை நிறைந்திருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. கல்லீரலில் தொற்றுநோயின் தழும்பு. இந்த எலிகள் கிருமியோடு மோத முடியாமல் செத்திருக்கின்றன என்று அவருக்குப் பட்டது.

பட்டது போதாதே, சோதித்துப் பார்த்தார். எலிக்கு வேறு இனத்து எலியின் தோலை ஒட்டினால் பத்துப் பன்னிரண்டு நாளில் அது கறுத்து உதிர்ந்துவிடும். அந்நியத்தை உடம்பு தள்ளுவதற்கு இதைவிடக் கண்கூடான சான்று கிடையாது. தைமஸ் எடுத்த எலிகளில் அந்தத் தோல் உதிரவில்லை. நன்றாகப் பற்றிக்கொண்டு, ரோமமும் முளைத்தது. வேறு வேறு நிறத்து எலிகளின் தோலை ஒட்டியபோது முதுகில் வேறு வேறு நிறத்தில் ரோமத் திட்டுகள் தழைத்தன. எலிக்கு எலி என்பதோடு நிற்கவில்லை, வேறு விலங்கினமான பெரிய ஆய்வக எலியின் (ஆங்கிலத்தில் 'ரேட்') தோலைக்கூட ஏற்றுக்கொண்டன.

1961 செப்டம்பர் 30 தேதியிட்ட 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. மொத்தமே 2 பக்கம். அப்போது அவருக்கு வயது 30.

அதற்கு முன்னால் தைமஸை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை?

அவர்கள் எடுத்தது வளர்ந்த விலங்குகளில். அதற்குள் தைமஸ் தன் வேலையில் பெரும்பகுதியை முடித்திருக்கும். அது அனுப்பிவைத்த அணுக்கள் உடம்பெங்கும் பரவி, பல காலம் வாழும். விதைத்து முடித்த பிறகு விதைநெல் பத்தாயத்தைக் காலி செய்தால் வயலில் என்ன தெரியும்? வளர்ந்த எலியில்கூட, ஏற்கெனவே இருக்கும் லிம்போசைட்டுகளைக் கதிர் பாய்ச்சி அழித்துவிட்டால், தைமஸ் இல்லாமல் அது மீண்டு வராது என்பதையும் மில்லர் அடுத்து காட்டினார்.

உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா?

இல்லை. எதிர்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. உறுப்பு மாற்றில் உடம்பின் சகிப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1960-ல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர், தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பதைப் பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல், அதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்ற பொருளில் சொன்னார். தோல் ஒட்டு ஆய்வில் அவரைவிடப் பெரிய பெயர் அன்றைக்கு இல்லை. மெடாவரைக் குறைசொல்லவும் எனக்கு மனமில்லை. அதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான பேச்சுதான்.

இன்னொரு ஆட்சேபணைக்கு அதிக வலு இருந்தது. எலிகள் இருந்த இடம் சுத்தமில்லை, ஏதோ தொற்று வந்து உடம்பு நலிந்திருக்கிறது, லிம்போசைட் குறைந்ததும் தோல் ஒட்டிக்கொண்டதும் அந்த நலிவால்தான், தைமஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இதற்கு வாதாடிப் பயனில்லை. மில்லர் 1963-ல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிலையங்களுக்குப் போனார். அங்கே கிருமியே இல்லாத கூடுகளில் எலி வளர்க்கும் வசதி இருந்தது. அந்தக் கூட்டில் பிறந்த குட்டிகளின் தைமஸை எடுத்தார். அவை இளைக்கவில்லை, கொழுகொழுவென்று வளர்ந்தன. அந்நியத் தோலை மட்டும் அப்போதும் தள்ளவில்லை. ஆக, சாவுக்குக் காரணம் கிருமி. கிருமியைத் தடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் தைமஸ் இல்லாதது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

இதைக் கண்டது அவர் ஒருவர்தானா?

வேறு சிலரும் நெருங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்பவரின் குழு, தைமஸில் கட்டி வந்து எதிர்ப்புச் சக்தியும் குன்றிப்போன ஒரு நோயாளியைப் பார்த்ததிலிருந்து தனி வழியில் இங்கே வந்து சேர்ந்தது. அவர்களுடைய முடிவுகளும் 1962-ல் வெளிவந்தன. ஆனால் தைமஸின் வேலை இதுதான் என்று தெளிவாக எழுதி முதலில் அச்சில் கொண்டுவந்தவர் மில்லர். முக்கியமான உடலுறுப்புகளில் கடைசியாக வேலை தெரியவந்த உறுப்பு தைமஸ் என்று சொல்வது வழக்கம்.

டி செல், பி செல் என்று பிரித்ததும் அவர்தானா?

அவரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செல்லும். மிட்செல் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். இடம் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலிசா ஹால் ஆய்வு நிலையம். அதன் இயக்குநராக இருந்த குஸ்தாவ் நோசல், சிட்னியில் மில்லரோடு ஒரே பள்ளியில் படித்தவர். அவர் கூப்பிட்டு 1966-ல் மில்லர் அங்கே போனார்.

இந்தக் கதைக்குக் கோழியிலிருந்து ஒரு கிளை வருகிறது. கோழியின் பின்பக்கம், கழிவுத் துவாரத்துக்கு அருகே ஃபேப்ரீசியஸ் பை என்று ஒரு சின்ன உறுப்பு உண்டு. அதை எடுத்துவிட்ட கோழிகளால் ஆன்டிபாடி (கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) தயாரிக்க முடிவதில்லை என்று புரூஸ் கிளிக்கும் திமோத்தி சாங்கும் 1956-ல் எழுதினார்கள். பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட, கட்டுரை கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. நோய் எதிர்ப்பை ஆராய்கிறவர்கள் கோழி இதழை எங்கே புரட்டப்போகிறார்கள்! 1965-ல் மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட்டோடு சேர்ந்து, கோழியில் தைமஸ் ஒரு வேலையும் அந்தப் பை வேறொரு வேலையும் செய்வதைப் பிரித்துக் காட்டினார். ஆனால் பாலூட்டிகளுக்கு அந்தப் பை கிடையாது. அப்படியானால் எலியிலும் மனிதரிலும் ஆன்டிபாடி தயாரிக்கும் அணு எங்கிருந்து வருகிறது?

மில்லரும் மிட்செல்லும் தைமஸ் எடுத்த எலிக்கு ஆட்டின் சிவப்பணுக்களை ஊசியில் ஏற்றினார்கள். அதற்கு எதிராக மண்ணீரலில் எத்தனை அணுக்கள் ஆன்டிபாடி தயாரிக்கின்றன என்று எண்ண, சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஓர் அழகான முறை வந்திருந்தது. மண்ணீரல் அணுக்களையும் ஆட்டுச் சிவப்பணுக்களையும் கூழில் கலந்து கண்ணாடித் தட்டில் பரப்புவார்கள். தட்டு முழுக்கச் சிவப்பாக இருக்கும். ஆன்டிபாடி தயாரிக்கும் அணு எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் உடைந்து அங்கே வெளுத்த வட்டம் விழும். வட்டங்களை எண்ணினால் போதும்.

தைமஸ் இல்லாத எலியில் வட்டங்கள் குறைவு. வேறொரு எலியின் தைமஸ் அணுக்களை ஏற்றியதும் வட்டங்கள் பெருகின. சாதாரணமாகப் பார்த்தால், ஏற்றிய தைமஸ் அணுக்கள்தான் ஆன்டிபாடி தயாரிக்கின்றன என்று சொல்லத் தோன்றும். இவர்கள் இன்னொரு படி போனார்கள். கொடுத்த எலியும் வாங்கிய எலியும் மரபில் வேறு வேறாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒரு வகை அணுவை மட்டும் கொல்லும் சீரத்தைச் சேர்த்துப் பார்த்தால், வட்டம் போட்டது யாருடைய அணு என்பது தெரிந்துவிடும். கொடுத்த எலியின் அணுக்களைக் கொன்றார்கள், வட்டங்கள் குறையவில்லை. வாங்கிய எலியின் அணுக்களைக் கொன்றபோது குறைந்தன. ஆக, ஆன்டிபாடி தயாரித்தவை தைமஸிலிருந்து வந்த அணுக்கள் அல்ல. எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த வேறு அணுக்கள். தைமஸ் அணுக்கள் தயாரிப்பதில்லை, தயாரிக்கிறவற்றுக்குத் துணைநிற்கின்றன. துணை இல்லாவிட்டால் வேலை ஓடாது.

1966-ல் அமெரிக்காவில் ஹென்றி கிளாமன் குழு, தைமஸ் அணுவும் மஜ்ஜை அணுவும் சேர்ந்தால் ஆன்டிபாடி கூடுகிறது என்று காட்டியிருந்தது. எது தயாரிக்கிறது, எது உதவுகிறது என்ற சிக்கலை அவிழ்த்தது மெல்போர்ன் சோதனைகள். 1968-ல் அவை கட்டுரைகளாக வரிசையாக வெளிவந்தன.

'டி', 'பி' என்ற பெயர்கள்?

அவற்றை 1969-ல் லண்டனில் ஐவன் ராய்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதிப் பரப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது தைமஸின் முதல் எழுத்து டி, கோழிப் பையின் லத்தீன் பெயரான 'பர்சா'வின் முதல் எழுத்து பி. எலும்பு மஜ்ஜையின் ஆங்கிலப் பெயரும் 'பி'யில் தொடங்குவது அதிர்ஷ்டம்.

லிம்போசைட் என்றால் ஒரே வகைதான் என்று நம்பிவந்தவர்களுக்கு இது எரிச்சலூட்டியது. பியும் டியும் ஓர் ஆங்கில வசைச்சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் என்று சக ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஒருவர் கிண்டலடித்தார். மில்லரே இதைப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

சரி, தைமஸுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

தேர்வு. மஜ்ஜையிலிருந்து வரும் முதிராத அணுக்கள் இங்கே டி செல்களாக முதிர்கின்றன. ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஒரு தனி ஏற்பியைக் கொண்டிருக்கும். அது எதைப் பற்றும் என்பது கிட்டத்தட்ட குலுக்கல் சீட்டு மாதிரி. அதில் சொந்த உடம்பின் அடையாளங்களையே படிக்கத் தெரியாதது உதவாது. சொந்த உடம்பையே முரட்டுத்தனமாகப் பற்றிக்கொள்வது ஆபத்து. இரண்டு வகையும் அங்கேயே சாகின்றன. உள்ளே போகும் அணுக்களில் நூற்றுக்கு 5 தேறினாலே அதிகம். தைமஸை இடுகாடு என்றவர்கள் பார்த்தது பொய்யில்லை, அர்த்தம்தான் வேறு.

இதன் முன்சுவடு மில்லரின் ஆரம்பகாலச் சோதனைகளிலேயே இருக்கிறது. தைமஸ் எடுத்த குட்டிக்கு வேறு இனத்து எலியின் தைமஸை ஒட்டினால், எதிர்ப்புச் சக்தி திரும்ப வந்தது. மூன்றாம் இனத்தின் தோலை அது தள்ளியது. ஆனால் தைமஸ் கொடுத்த இனத்தின் தோலை மட்டும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. எது நான், எது அந்நியம் என்பது தைமஸில் பதிகிறது என்று 1960களின் தொடக்கத்திலேயே அவர் எழுதிவிட்டார்.

அதன்பின் என்ன செய்தார்? ஒரு கண்டுபிடிப்போடு நின்றுவிட்டாரா?

நிற்கவில்லை. தைமஸின் வடிகட்டியில் தப்பி வெளியே வந்துவிடும் டி செல்கள் ஏன் எல்லோருக்கும் நோயைத் தருவதில்லை என்ற கேள்வியை 1980களிலும் 90களிலும் எடுத்துக்கொண்டார். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களில் மட்டும் ஓர் அந்நியப் புரதம் இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை அவருடைய குழு வைத்திருந்தது. தைமஸுக்கு வெளியேயும் டி செல்கள் அடக்கப்படுகின்றன, சில சமயம் அழிக்கப்படுகின்றன என்பதை அந்த எலிகள் காட்டின. 1996-ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் எழுதுவதை விடவில்லை.

இன்றைய மருத்துவத்தில் இதன் பலன் எங்கே தெரிகிறது?

எய்ட்ஸில் தெரிகிறது. 1981-ல் அந்த நோய் வெளிப்பட்டபோது, குறைவது எந்த அணு என்று சில மாதங்களிலேயே சொல்ல முடிந்ததற்குக் காரணம், டி செல் என்று ஒன்று இருப்பதும் அதில் உதவுகிற வகை உண்டு என்பதும் முன்பே தெரிந்திருந்ததுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்று இன்றும் கணக்கிடுகிறார்கள். அந்த சிடி4 அணு, மெல்போர்ன் எலிகளில் துணைநின்ற அதே அணுதான்.

அப்புறம் புற்றுநோய். டி செல்களுக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிட்டால் அவை கட்டியைத் தாக்கும் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, மரபணு மாற்றி, திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்கா 2017-ல் முதன்முதலாக அனுமதி கொடுத்தது. எந்த நோய்க்கு என்று பாருங்கள்: குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய். மில்லர் ரத்தப் புற்றுநோயில் தொடங்கி டி செல்லுக்கு வந்தார். டி செல் அறுபது ஆண்டுகள் சுற்றிவிட்டு ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக வந்தது.

2025 நோபலையும் இதில் சேர்க்க வேண்டும். பிறந்த மூன்றாம் நாள் எலியின் தைமஸை எடுத்தால், மில்லரின் எலிகளைப் போல எதிர்ப்பு குன்றாமல், உடம்பு தன் உறுப்புகளையே தாக்க ஆரம்பிக்கிறது என்று 1969-ல் ஜப்பானில் கண்டார்கள். முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று அதைப் பிடித்துக்கொண்டே போன ஷிமோன் சகாகுச்சி, 1995-ல் மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒரு வகை டி செல்லை அடையாளம் காட்டினார். அந்த வகை அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் அவருக்கும் மேரி பிரங்கோவுக்கும் ஃப்ரெட் ராம்ஸ்டெலுக்கும் அந்தப் பரிசு.

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துகிறதா?

பொருந்துகிறது. தைமஸ் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அரிது. தைமஸ் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 1965-ல் ஆஞ்செலோ டிஜார்ஜ் என்ற மருத்துவர் விவரித்தார். தைமஸ் முற்றிலும் இல்லாத குழந்தைகள் சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு மூன்று வயதுக்குள் தொற்றுநோயில் இறந்துவிடுவார்கள்.

இதய அறுவைச் சிகிச்சையின்போது வேறு குழந்தைகளிடமிருந்து வழி விடுவதற்காக வெட்டி எடுக்கப்படும் தைமஸ் துணுக்குகளை ஆய்வகத்தில் சில வாரங்கள் வைத்து வளர்த்து, இந்தக் குழந்தைகளின் தொடைத் தசையில் பதிக்கிறார்கள். நெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தைமஸுக்கு இல்லை. குழந்தையின் மஜ்ஜையிலிருந்து அணுக்கள் தொடைக்குப் போய்ப் பயிற்சி பெற்று வருகின்றன. போதுமான டி செல்கள் உருவாக ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். 2021-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது.

மில்லருக்கு நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?

நோபல் குழு தன் ஆவணங்களை 50 ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கும். கிடைக்காததற்குக் காரணம் சொல்லும் வழக்கமும் இல்லை. டி செல்லின் தோள்மேல் ஏறி நின்ற ஆய்வுகளுக்கு 1996, 2018, 2025 என்று பரிசு போனது. டி செல்லைக் காட்டியவருக்குப் போகவில்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் 2001-ல் கிடைத்தது. மேக்ஸ் கூப்பரோடு சேர்ந்து 2018-ல் ஜப்பான் பரிசும் 2019-ல் லாஸ்கர் விருதும் பெற்றார். லாஸ்கர் கிடைக்கும்போது லான்செட் கட்டுரைக்கு வயது 58.

வயது வந்தவர்களுக்குத் தைமஸ் தேவையில்லை என்பது இன்றைக்கும் சரியா?

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சைகளில், கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று தைமஸை எடுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். பாஸ்டனில் அப்படித் தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களையும், அதேபோன்ற அறுவை செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2023-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 5 ஆண்டுகளில் இறந்தவர்கள் தைமஸ் எடுத்தவர்களில் 8.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்கள் 7.4, 3.7.

இது ஏற்கெனவே நடந்த சிகிச்சைகளின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த ஆய்வு, ஆகவே தைமஸை எடுத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது. தைமஸில் கட்டி இருந்தாலோ, மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய்க்காகவோ மருத்துவர் எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். அங்கே பலன் பெரிது. ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் இந்த எண்களைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். இடைஞ்சலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்கும் வழக்கத்தைத்தான் அறுவை நிபுணர்கள் இப்போது மறுபடி யோசிக்கிறார்கள்.